பத்தடி நாலங்குலம்: கொங்கு நாட்டில் ஆறு நாள்

முதல் நாள். கோவை – அவிநாசி

வண்டியின் உயரம் பத்தடி நாலங்குலம். ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சாவியைக் கொடுத்த பையன் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, அண்ணன் மறந்தாலும் நீங்கள் மறந்துவிடாதீர்கள்" என்றான்.

பார்வைக்கு நீளமான ஒரு டெம்போ டிராவலர். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், உள்ளே இருந்த இருக்கைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வீடாக மாற்றியிருக்கிறார்கள். பின்னால் இருவர் படுக்க மெத்தை, ஓட்டுநர் தலைக்கு மேல் பரண் மாதிரி ஒரு படுக்கை, பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் இருக்கும் பலகை ஒன்று, இன்டக்‌ஷன் அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பீரோ அளவில் ஒரு கழிப்பறை. வாடகைக்கு விடுகிறவர்கள் மோட்டார் ஹோம் என்கிறார்கள். தெருவில் அதற்கு ஒரே பெயர்தான்: கேரவன். கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருந்தாக வேண்டும். கோவையைத் தாண்டுவதற்குள் மூன்று சிக்னலில் மூன்று பேர் கண்ணாடியைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டுவிட்டார்கள். உள்ளே என் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பெரியவள். ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் பாடநூலில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'நூல்வெளி' என்று ஒரு சிறு பெட்டி போட்டிருப்பார்கள் அல்லவா, எழுதியவர் யார், ஊர் எது என்று. அதைப் படித்துப் படித்து, பாட்டு எழுதியவர்கள் எல்லாருமே தஞ்சாவூர்ப் பக்கமா, நம் ஊரில் ஒருவரும் இல்லையா என்று கேட்டாள். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருக்கு இலக்கியத்தில் அக்கறை குறைவு, வண்டியில் அக்கறை அதிகம். இரண்டையும் சேர்த்து அரையாண்டு விடுமுறைக்கு ஒரு திட்டம் போட்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: முதலை பார்க்க வேண்டும்.

குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்து நிறுத்தியிருக்கும் திருவள்ளுவரைச் சுற்றிவந்து பயணத்தைத் தொடங்கினோம். சின்னவன் தன் பெயரின் எழுத்துகளைத் தேடிப் பிடித்தான். அங்கிருந்து நேரே அவிநாசி.

அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். குளத்தில் குளித்த சிறுவன் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்தத் தெருவழியே சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. பிழைத்த பையனுக்கு இங்கே விசேஷம். அவனோடு குளித்து மாண்டவனை நினைத்து அங்கே அழுகை. சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பாடினார், முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு. கோயிலுக்கு முன்னால் உள்ள கல் கம்பத்தில் அந்த முதலையும் பிள்ளையும் இருக்கிறார்கள்.

"கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." நான் இந்த வரியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இன்று கம்பத்தடியில் நின்று சொல்லிப் பார்த்தபோதுதான் அதன் அதிகாரம் உறைத்தது. தா என்று சிவனிடம் கேட்கவில்லை. 'காலனிடம் சொல், தரச் சொல்' என்கிறார். மேலதிகாரியின் சட்டையைப் பிடித்துக் கீழ் அலுவலரிடம் வேலை வாங்குகிற தொனி.

சின்னவன் கல் முதலையை நெடுநேரம் பார்த்தான். "இது கணக்கில் சேராது" என்றான்.

அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையும் பொருளையும் சுந்தரர் வழிப்பறியில் இழந்த இடம். பறித்தவர்கள் வேடர் வேடத்தில் வந்த சிவகணங்கள் என்பது புராணம். இங்கும் அதே சுந்தரர்தான், வழிப்பறிக்காரர்கள் திரிகிற ஊரில் எதற்காக ஐயா குடியிருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார்: "எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே." தமிழில் இதைவிட அழகான புகார் மனு எனக்குத் தெரிந்து இல்லை. கோயிலுக்கு வெளியே சாலையோரம் முழுக்கச் சிற்பக் கூடங்கள். மூக்கு வரை முடிந்த நந்தி, கை மட்டும் முடிந்த அம்மன். உளிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. கல்தூள் படிந்த செருப்போடு ஏறியதற்கு அம்மாவிடம் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். வீடாம், வீட்டுக்குள் செருப்பு கூடாதாம்.

இரவுத் தங்கலுக்குக் கணவர் கண்டுபிடித்த வழி பிரமாதம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் எல்லாம் காலி. ஒரு மண்டபத்துக் காவலாளியிடம் இருநூறு ரூபாய் கொடுத்ததும் நிறுத்த இடம், தொட்டி நிறையத் தண்ணீர், வெளியே ஒரு பிளக் பாயின்ட் எல்லாம் கிடைத்தன. அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். ஐந்து பேரும் ஒரே மூச்சுக்காற்றில் படுத்திருக்கிறோம்.

இரண்டாம் நாள். விசயமங்கலம் – சென்னிமலை

விடிகாலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கிவிட்டது. தகரச் சுவருக்குள் படுத்திருக்கிறவர்களுக்கு அது காதுக்குள்ளேயே பாடுகிற மாதிரி இருந்தது.

பெருந்துறைப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் வசதியாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். விசயமங்கலத்தை நெருங்கியதும் கைப்பேசி ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. அது ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து போகிற பாதை. நுழைவாயிலில் இரும்புக் கட்டை, அதில் 3.2 மீட்டர் என்று எழுத்து. கணவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். பத்தடி நாலங்குலம் என்றால் 3.15 மீட்டர். இடைவெளி ஐந்து சென்டிமீட்டர்.

"போகும்" என்றார் அவர்.

"மூன்று விரற்கடை" என்றார் அம்மா. "பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறினால் அதுவும் இருக்காது, மாப்பிள்ளை."

கொடி கட்ட வைத்திருந்த கம்பை எடுத்துக் கட்டையை அளந்தார். வண்டியை அளந்தார். மறுபடி கட்டையை அளந்தார். பின்னால் பஞ்சு மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் ஓட்டுநர் இறங்கிவந்து, தம் பங்குக்கு அவரும் அளந்துவிட்டு, "உள்ளே நடிகர் யாரும் இருந்தால் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்" என்றார். கடைசியில் அரைக் கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டிவந்து நெடுஞ்சாலையைப் பிடித்தோம். கணவர் அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

விசயமங்கலத்தில் நாங்கள் தேடிப் போனது கொங்குவேளிரை. 'பெருங்கதை' எழுதியவர். ஊர்முனையில் டீக்கடையில் கேட்டோம். கொங்குவேளிரா, எந்த மில் என்றார்கள். சமணக் கோயில் என்று சொல்லிப் பார்த்தோம். அங்கே பால் வாங்க வந்த ஒரு பாட்டி, "நெட்டைக் கோபுரமா?" என்றார். கடையே ஒரே குரலில் வழி சொல்லியது.

எட்டாவது தீர்த்தங்கரரான சந்திரப்பிரபருக்கு உரிய கோயில். கோபுரம் மட்டும் சாலைக்குத் தெரிகிறது, உள்ளே போனால் அமைதி. அன்றைக்கு எங்களைத் தவிர இரண்டு மைனாக்கள். மண்டபத்தில் கொங்குவேளிருடையது என்று சொல்லப்படும் உருவச்சிலை உண்டு. பெரியவள் அதன் முன் நின்று தன் குறிப்பேட்டைப் பிரித்தாள்.

பெருங்கதை உதயணனின் கதை. குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லும் பிருகத்கதைதான் மூலம். உ.வே.சா. 1924-இல் அச்சில் கொண்டுவந்தபோது அவருக்குக் கிடைத்த சுவடியில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இன்றுவரை அப்படித்தான். தலையும் காலும் போன கதைக்கு உடம்பு மட்டுமே ஆயிரக்கணக்கான அடிகள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரின் நிரம்பையும் இந்தப் பக்கத்து ஊர்தான். இரண்டு பெரிய ஆட்கள், ஒரே வட்டாரம். நெடுஞ்சாலையில் ஒரு பெயர்ப்பலகை என் கண்ணில் படவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு ஒருத்தியின் கதை. சங்கப் புலவர்கள் வந்து பெருங்கதையில் குற்றம் பிடித்தபோது, அவர்கள் எழுப்பிய ஐயங்களுக்குக் கொங்குவேளிர் பதில் சொல்லவில்லையாம். தம் வீட்டு வேலைக்காரப் பெண்ணைச் சொல்லச் சொன்னாராம். அவள் சொன்னாள். வாய்மொழிக் கதைதான், ஆனால் கொங்கு மண்டல சதகம் இதைப் பெருமையாகப் பாடிவைத்திருக்கிறது. பாட்டிலும் அவளுக்குப் பெயர் இல்லை, வேளாட்டி என்றுதான் வருகிறது. பெரியவள் குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டாள்.

மாலை சென்னிமலை. அம்மா காலையிலிருந்தே இதற்காகத்தான் காத்திருந்தார். தினமும் விளக்கு வைத்ததும் கந்தசஷ்டி கவசம் சொல்வார். "சிரகிரி வேலவன் சீக்கிரம் வருக" என்று அதில் வருகிற சிரகிரி இந்த மலைதான். தேவராய சுவாமிகள் கவசத்தை அரங்கேற்றியதும் இங்கே என்பது மரபு. மலைப்பாதையில் எங்கள் வண்டியை விடவில்லை, அம்மா கோயில் பேருந்தில் போனார். நானும் பிள்ளைகளும் 1,320 படிகள். 1984-இல் இரட்டை மாட்டு வண்டியே இந்தப் படிகளில் ஏறிப் போயிருக்கிறது. எனக்கு எண்ணூறாவது படியில் அந்த மாடுகள்மேல் பெரும் மரியாதை வந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது அம்மா சன்னிதிக்கு முன் தூணோரம் உட்கார்ந்து கவசத்தின் பாதியில் இருந்தார். வீட்டில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னார். சிரகிரி வேலவன் வரி வந்ததும் ஒருமுறை நிறுத்தி, தரையைக் கையால் தொட்டுக்கொண்டார்.

இறங்கிவந்து, தறிச் சத்தம் கேட்ட ஒரு சந்தில் நான்கு போர்வை வாங்கினோம். இரவுக் குளிருக்கு இப்போதே ஒன்று உதவுகிறது.

மூன்றாம் நாள். கொடுமணல் – அறச்சலூர்

இன்றைக்குப் பார்த்தவை இரண்டே இடம். ஒன்றில் பார்க்க எதுவுமே இல்லை, மற்றொன்றில் இருபத்தைந்து எழுத்து.

கொடுமணல் நொய்யல் கரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுவே என்கிறார்கள். "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்பது அரிசில்கிழார் வரி: கொடுமணத்தில் செய்த, வேலைப்பாட்டில் சிறந்த அணிகலன். 1985-இலிருந்து பல கட்டங்களாகத் தோண்டியதில் மணி கோக்கும் தொழில் நடந்த தடயம், இரும்பு உருக்கிய உலை, பெயர் பொறித்த பானை ஓடுகள், கல்வட்டங்களோடு புதைகுழிகள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல், படிகம், சூதுபவளம். கிடைத்தவை அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். ஆக, நாங்கள் பார்த்தது காடு. கிளுவை வேலி, வெள்வேல மரங்கள், இடையில் நாலைந்து கல், ஆடுகள்.

சின்னவன் ஏமாந்துபோனான். பெரியவள் பரவாயில்லை என்ற முகத்தோடு நின்றாள். நானும்கூட வெயிலில் எதற்கு வந்தோம் என்று நினைத்த நேரத்தில், வண்டியிலிருந்து "கரக்" என்று ஒரு சத்தம். திருப்பப் போன இடத்தில் வேலமரக் கிளை ஒன்று கூரை ஏ.சி.யைப் பிடித்துக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வரவில்லை, நடந்தே வந்தார். கையில் தொரட்டி. கூரையைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார். வெட்டச் சொல்லலாமா என்று கணவர் தயங்கிக் கேட்டதற்கு, "மரத்தை எதற்கு வெட்ட வேண்டும், வண்டிதானே வந்து இடித்தது" என்றார். தொரட்டியின் கொக்கியைக் கிளையில் மாட்டி, ஒரு சுண்டு சுண்டி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்போது எடுங்கள்" என்றார். எடுத்தார். ஏ.சி. மூடியில் இரண்டு முழ நீளத்துக்குக் கீறல். ஆடுகள் விழுந்த காய்களைத் தின்ன ஓடி வந்தன. அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தோம். மணி கிடைக்கிற ஊராமே என்று பெரியவள் கேட்டாள். மழை பெய்து முடிந்த மறுநாள் காலையில் சின்ன வயதில் பொறுக்கியிருக்கிறோம், இப்போது எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். சின்னவன் அதன்பிறகு தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நொய்யலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்தது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிப்போனது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது விவகாரம். என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துதான் என்னைக் கட்டிக்கொடுக்கும் அளவுக்கு வந்தவர் என்று எங்கள் வீட்டில் சொல்வதுண்டு. ஆற்றை அவர் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்தது அறச்சலூர். நாகமலையில் கல்வெட்டு எங்கே என்று கேட்டபோது மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள். நேற்றைய பாடம் நினைவுக்கு வர, "ஆண்டிப்பாறை" என்று கேட்டோம். உடனே வழி கிடைத்தது. எங்கள் ஊரில் எதையும் அதன் பாடநூல் பெயரைச் சொல்லித் தேடக் கூடாது. இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது.

பாதை என்று ஒன்று இல்லை. பாறைக்குப் பாறை தாவி ஏற வேண்டும். அம்மா கீழே வண்டியிலேயே இருந்துவிட்டார். மேலே இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம், அதன் பாறையில் தமிழி என்னும் பழந்தமிழ் வரிவடிவில் வெட்டிய எழுத்து. ஆயிரத்து ஐநூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. வெயில் சாய்ந்திருந்ததால் வெட்டுகளில் நிழல் விழுந்து நன்றாகவே தெரிந்தது. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. பெரியவள் குறிப்பேட்டிலிருந்து படித்தாள்:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

ஈரோட்டுப் புலவர் செ. இராசு வெளியுலகுக்குக் கொண்டுவந்த கல்வெட்டு இது. இசைக் கல்வெட்டு என்கிறார்கள், ஆடலுக்கான அடவுச் சொல் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் இடமில்லை. ஆனால் சின்னவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். பாறையில் விரல் படாமல் காற்றில் விரலை ஓட்டி, இடமிருந்து வலம் படித்தான், வலமிருந்து இடம் படித்தான், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். எல்லாம் ஒன்றே. "அம்மா, இது விளையாட்டு!" என்று கத்தினான். குகை அவன் குரலைத் திருப்பிச் சொன்னது. பெரியவள் தொடையில் தட்டிப் பார்த்தாள். முதல் வரி எளிதாக வந்தது, மூன்றாவது வரியில் மூன்று முறை இடறினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். இருட்டும்வரை இருவரும் போட்டி போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் புணர்த்தியவன் பெயரும் பக்கத்திலேயே வெட்டியிருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் சோதித்து மதிப்பிடுகிறவன். மணிக்கல் பார்க்கிறவனாகவும் இருக்கலாம். மணி கோத்த கொடுமணல் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. பகலெல்லாம் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒருவன், மாலையில் இந்த மலைக்கு ஏறிவந்து எழுத்தை மணி மாதிரி கோத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. ஆதாரம் கேட்காதீர்கள்.

கீழே வந்தால் வண்டியைச் சுற்றி இருபது பேர். அம்மா படியில் உட்கார்ந்து, இது படப்பிடிப்பு வண்டி இல்லை, என் பேத்தியின் பள்ளிக்கூட வேலை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள். ஈரோடு

வழியில் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர், இப்போது மணிமண்டபம். அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுக்குள் இந்த வண்டியை ஓட்டுவது கணவருக்கு ஆறு மாதச் சிறை. ஜவுளிக் கடைகளுக்கு மூட்டை இறக்குகிற வண்டிகள், ஆட்டோக்கள், நடுவே நாங்கள். பெரியார் நினைவு இல்லத்தைப் பார்த்தோம். கணித மேதை இராமானுஜன் பிறந்த ஊர் இது என்று சின்னவனிடம் சொன்னேன், 1887 டிசம்பர் 22. அவன் விரல் விட்டு எண்ணி, பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, தாமதமாக வந்துவிட்டோம் என்றான்.

கருங்கல்பாளையம், காவிரிப் பாலத்துக்குப் போகிற வழி. பாரதியார் கடைசியாகப் பேசிய ஊர்களில் ஒன்று இது. 1921 ஜூலை 31 அன்று இங்குள்ள வாசகசாலையில் பேசினார். சின்னமலையைத் தூக்கிலிட்ட அதே தேதி, நூற்றுப் பதினாறு ஆண்டு கழித்து. பேச்சின் தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. ஊருக்குத் திரும்பி, இந்தப் பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் ஒரு கட்டுரையும் எழுதினார். அடுத்த ஆறு வாரத்தில், செப்டம்பரில், போய்விட்டார்.

நாங்கள் போன நேரம் நூலகம் மதிய இடைவேளைக்குப் பூட்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்து சந்தகையும் எள்ளுப் பொடியும் சாப்பிட்டோம். திறந்ததும் உள்ளே போனால் நான்கு முதியவர்கள் நாளிதழின் நான்கு தாள்களைப் பங்குபோட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார்கள். விளையாட்டுப் பக்கத்துக்கு வரிசை இருந்தது. முப்பத்தெட்டு வயதில், காவிரிக் காற்றில், மனிதனுக்குச் சாவே கிடையாது என்று அடித்துப் பேசிய ஒருவரை நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். அது பொய்த்துப்போன பேச்சு என்று பெரியவள் சொன்னாள். "அப்படியென்றால் நாம் எதற்கு வந்தோம் கண்ணு?" என்று அம்மா கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் படலம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஐந்தாம் நாள். கொடுமுடி – சிவன்மலை

கொடுமுடியில் காவிரி தெற்கு நோக்கிய போக்கை விட்டுக் கிழக்கே திரும்புகிறது. படித்துறையில் நின்றால் திருப்பம் கண்ணுக்கே தெரியும். சுந்தரர் இங்கேயும் வந்திருக்கிறார்: "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." அவிநாசியில் அதிகாரம், பூண்டியில் புகார், இங்கே மட்டும்தான் குரல் தணிகிறது. நான் மறந்தாலும் என் நாக்கு மறக்காது என்கிறார்.

அம்மாவுக்குக் கொடுமுடி என்றால் கே.பி. சுந்தராம்பாள். 1908-இல் இந்த ஊரில் பிறந்தவர், பெயரின் முதல் எழுத்தே கொடுமுடிதான். 1953-இல் வந்த ஔவையார் படத்தை எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய் மூன்று முறை பார்த்தாராம். படித்துறையில் அம்மா அந்தக் குரலில் பாட முயன்று, மேல் ஸ்தாயியில் இருமல் வந்து நின்றுவிட்டார். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்மணி விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தார். நல்ல குரல்.

காங்கேயம் வழியே போனால் இருமருங்கும் தேங்காய்ப் பருப்புக் காயும் களங்கள். வண்டிக்குள் முழுக்க எண்ணெய் வாசம்.

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு. பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னால், அவர் வந்து தெரிவிக்க வேண்டும். சாமியிடம் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்தவர் கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி என்று பலவும் இருந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் பொருள் உலகத்தில் ஏறும் அல்லது இறங்கும் என்பது நம்பிக்கை, எது என்பது அவரவர் யூகம். பஞ்சு விலை பற்றி யோசிக்கிறவர்களும் தங்கம் வாங்கக் காத்திருக்கிறவர்களும் ஒரே பெட்டியைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் முறை வந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன், போய்ப் பாருங்கள். கணவர் மட்டும் அதைப் பார்த்ததிலிருந்து தேங்காய் எண்ணெய் இரண்டு டின் அதிகமாக வாங்கலாம் என்கிறார்.

ஆறாம் நாள். பூளவாடி – அமராவதி – வீடு

தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில்தான் பேயாட்டம் போடும். மார்கழியில் பாதி ஆலைகள் சும்மா நின்றன. அவற்றுக்கு நடுவே பூளவாடி. திரைப்பாடல் எழுதிய உடுமலை நாராயணகவி 1899-இல் பிறந்த ஊர். ஊரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உடுமலைப்பேட்டையில் உள்ள அவருடைய மணிமண்டபத்தில் கால்மணி நேரம். சின்னவன் முதலை, முதலை என்று ஜபிக்கத் தொடங்கிவிட்டதால் அதற்குமேல் முடியவில்லை.

அமராவதி அணையின் முதலைப் பண்ணை வனத்துறையுடையது. சுவருக்கு அந்தப் பக்கம், பாசி பிடித்த தொட்டியின் கரையில், வரிசையாக நம் ஊர்ச் சதுப்புநில முதலைகள். ஒன்றுமே அசையவில்லை. ஒன்று வாயை அகலத் திறந்தபடி கிடந்தது. கீழ்த்தாடையில் ஓர் ஈ நடந்துபோனது, பல் இடுக்கில் நின்றது, பிறகு மறுபடி நடந்தது. கண் மட்டும் மஞ்சளாக, நடுவில் கத்திக் கீறல் போல ஒரு கோடு. ஐந்து நிமிடம் பார்த்தோம். சின்னவன் முகம் வாடியது.

"இதுவும் கல்லா?"

அம்மா குனிந்து அவன் காதில் சுந்தரரின் வரியைச் சொன்னார். அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு முதலையைப் பார்த்து, "தரச்சொல்லு" என்று கத்தினான். வாய் டப்பென்று மூடியது. பெட்டி மூடுகிற சத்தம். பின்வாங்கியதில் என் காலை மிதித்தான். இப்போது கணக்கில் சேர்ந்தது.

இரவு எட்டரைக்குக் கோவை. வண்டியைத் திருப்பி விட்டோம். பையன் டார்ச் அடித்துக் கீறலைப் பார்த்து, முன்பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டான். நியாயம்தான். கணவர் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, விசயமங்கலத்துப் பாலத்துக் கதையைச் சொன்னார், ஐந்து சென்டிமீட்டரில் எப்படித் தப்பித்தோம் என்று.

பையன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை ஏறிட்டுப் பார்த்தான். "அது பழைய ஏ.சி. இருந்தபோது எழுதியது அண்ணா. போன மாதம் புதிது மாற்றினோம். இப்போது பத்தடி ஒன்றுதான்."

வீடு வந்து சேரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை.